உருண்டு போன ஏழு

கம்பெனி கூட்டிப்போன கோத்தகிரிச் சுற்றுலாவில்
தார்ப்பாய் விரித்திருந்த ஒருத்தியிடம்
நாலு வாங்கினேன், நூற்றியிருபது ரூபாய்.
உள்ளங்கையில் அடங்கும் முட்டைக்கோஸ்.
இலை நுனியில் மட்டும்
வெற்றிலை போட்ட உதட்டுச் சிவப்பு.
பேர் கேட்டதற்குக் கல்ரோஜா என்றாள்.
பாறையில் கிடக்குமாம், பனியில் கிடக்குமாம்,
ஓட்டுக் கூரையில் சும்மா போட்டாலும் பிழைக்குமாம்.
தண்ணீர்?
"ஞாபகம் வந்தா ஊத்துங்க.
வராட்டி ரொம்ப நல்லது."

பணகுடியில் பனி ஏது.
கிரஷர் தூள், உடைத்த ஓடு, தேரி மண் மூன்று கை.
காற்றாலையில் கழித்துப் போட்ட பேரிங் மூடியில்
ட்ரில் வைத்து நாலு ஓட்டை போட்டேன்.
எனக்கோ ஞாபகம் அதிகம்.
ஐப்பசி அடைமழையிலும்
ஒருநாள் செம்போடு மாடி ஏறியிருக்கிறேன்.
மூன்று அழுகின.
தொட்டால் இலை கஞ்சியாய் வழிந்தது.

மிஞ்சிய ஒன்று சித்திரையில்
இதழெல்லாம் உள்ளே மடித்து
முஷ்டியானது,
கடன் கேட்டு வந்தவனைப் பார்த்த கை.
செத்துவிட்டதென்றே நினைத்தேன்.
இந்த முறை செம்பை எடுக்கவில்லை.
பாடம் கற்றவன் என்று சொல்லிக்கொள்ளலாம்;
உள்ளதைச் சொன்னால்
அந்த மாசம் வக்கீலுக்கு அலைந்ததில் மறந்துவிட்டேன்.

வக்கீல் எதற்கென்றால்,
என் மாடித் தண்ணீர் விழும் குழாய்
எப்சிபா வீட்டுச் சுவரை நனைக்கிறது.
நனைக்கிறது என்கிறாள் அவள்.
சாரல்தான் நனைக்கிறது என்கிறேன் நான்.
மூன்று வருஷம். வள்ளியூர் கோர்ட்.
மருந்துக்கடையில் அவள் நின்றால்
காய்ச்சலோடு அடுத்த கடைக்கு நடப்பேன்.

ஆனி பிறந்தது.
மகேந்திரகிரி தலையில் மேகம் உட்கார்ந்தது.
கணவாய் வழியே வந்த காற்றில்
கொடியில் போட்ட சட்டை கையை நீட்டி எதையோ கேட்டது.
காற்றுக் காலத்தில் எங்களுக்கு லீவு கிடையாது.
எண்பது மீட்டர் உயரத்தில், இறக்கைக்குப் பின்னால்,
போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த வாரத்தில்
கீழே முஷ்டி திறந்திருக்கிறது.
பார்க்கையில் தாயைச் சுற்றி ஏழு குஞ்சுகள்,
ஒவ்வொன்றும் ஒரு நூலின் முனையில்,
பட்டாணி அளவு.

மறுநாள் நூல்கள் மட்டும் இருந்தன.

அணிலைச் சந்தேகித்தேன். காக்கையைச் சந்தேகித்தேன்.
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்தேன்.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
அவளையும் சந்தேகித்தேன்.

பத்து நாள் கழிந்து கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்க்கையில்
அவள் சன்ஷேடில் இருமல் மருந்தின் அளவு மூடிகள்
வரிசையாக ஏழு.
ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மண்,
மண்ணில் பச்சையாய் ஒரு பொத்தான்.
காற்று உருட்டிப் போனதை
அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள்.
எந்த மாடியிலிருந்து உருண்டதென்று
தெரியாமலா இருக்கும்.

தலையை இழுப்பதற்குள் அவள் மேலே வந்துவிட்டாள்.
காற்றில் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல், மூடிகளைப் பார்த்து:
"இதுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கத் தண்ணி ஊத்துவிய?"

மூன்று வருஷத்தில் முதல் கேள்வி.
தொண்டையைச் செருமினேன்.
"மறந்துருங்க."

என்ன புரிந்ததோ,
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

பதினாலாம் தேதி வாய்தா.
குழாய் அப்படியேதான் இருக்கிறது.
ஒரு முழங்கை வாங்கினால் மறுபக்கம் திருப்பிவிடலாம்,
நாற்பத்தைந்து ரூபாய்,
கடையில் விசாரித்து வைத்திருக்கிறேன்.